ஆம்பள வார்டுக்கு ஏழுமலை வந்தான்

ஆஸ்பத்திரியிலேந்து உசுரோட திரும்பி வந்தவன்கிட்ட எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான்: "இப்ப எப்படி இருக்கு?" நல்லா இருக்கு. காலு ரெண்டும் நடக்குது, வாயி முன்னைவிட ஜாஸ்தியாவே பேசுது. அங்க என்ன நடந்துச்சுன்னு கேட்டா மட்டும் "அத வுடுப்பா"ன்னு இத்தினி வருஷமா தட்டிக் கழிச்சுக்கினு வந்தேன். போன மாசம் எங்க தெருவுல ஒரு டீச்சரம்மாவுக்கு அதே நோவு வந்துடுச்சு. அவங்க வூட்டுக்காரர் எங்கிட்ட வந்து, "அண்ணே, இது எப்படி இருக்கும், மறைக்காம சொல்லுங்க"ன்னு அழுதாரு. அவருக்குச் சொன்னதை இங்க எழுதறேன். அவருகிட்ட சொல்லாம விட்டதையும் சேத்தே எழுதறேன்.

என் பேரு பலராமன். திண்டிவனத்துல மைக் செட்டு வெச்சிருக்கேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சத்தண்ணி, தேர்தல் கூட்டம், எதுவா இருந்தாலும் நம்ம கொழா ஸ்பீக்கர்தான் கத்தும். கல்யாணம் பண்ணிக்கல. சொந்த ஊரு கண்டாச்சிபுரம் பக்கம். அங்க எங்க அக்கா அஞ்சலை மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போட்டுக்கினு குடும்பத்தோட இருக்கு.

ரெண்டாயிரத்துப் பன்னெண்டுல ஒரு கல்யாண வூட்டுச் சாப்பாடு ஒத்துக்காம எனக்கு வயித்தால போச்சு. ரெண்டு நாள்ல நின்னுச்சு, நானும் மறந்துட்டேன். பத்து பதினஞ்சு நாள் கழிச்சுப் பாதத்துல மரமரன்னு ஆரம்பிச்சுச்சு. நடக்கும்போது ஒரு செருப்பு கழண்டு எங்கியோ கெடக்கும், எனக்குத் தெரியாது. ஒரு காதுகுத்துல ஸ்பீக்கர் பாக்ஸைத் தூக்கப் போறேன், தூக்க முடியல. "இன்னாடா இது, உள்ள கல்லு வெச்சுட்டானா"ன்னு பாக்ஸைத் திட்டினேன் பாருங்க, என்னைத் திட்டிக்கல. டவுன்ல ஒரு கிளினிக்குல சத்து ஊசி போட்டுக்கினு வந்தேன். மறுநாள் காலையில கக்கூசுல உக்காந்தவன் எழுந்திருக்க முடியல. பக்கத்து வூட்டுக்காரங்க கதவை ஒடைச்சுத் தூக்கினாங்க. மானம் போறதுக்கு மனுஷனுக்கு எத்தினி வழி இருக்கு பாருங்க.

அக்காவும் மாமாவும் வந்து வேன் புடிச்சு விழுப்புரத்துல பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க. அங்க ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு, ரப்பர் சுத்தியல் ஒண்ணு கையில. முட்டியில தட்டினாங்க. சாதாரணமா தட்டினா காலு துள்ளணும் இல்லையா? எனக்குத் துள்ளல. அடுத்த காலுலயும் தட்டிப் பாத்துட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கினு பக்கத்துல உக்காந்தாங்க. "ஐயா என்ன தொழில் பண்றீங்க?"ன்னாங்க. சொன்னேன். "அப்ப உங்களுக்கு ஈஸியா புரியும்"ன்னாங்க.

அவங்க சொன்னது இதுதான். நோவு பேரு கில்லியன் பாரே. உடம்புல கிருமியை அடிக்கறதுக்குன்னு ஒரு படை இருக்கு. எனக்கு வயித்தால போனப்ப அந்தப் படை கிருமியை அடிச்சுது, சரி. அடிச்சு முடிச்சதும் சும்மா இருக்காம என்னோட நரம்பையே கிருமின்னு நெனச்சு அடிக்க ஆரம்பிச்சுடுச்சு. நரம்பு ஒரு ஒயரு மாதிரி. மேல ஒரு கோட்டிங் இருக்கும். கோட்டிங் போயிடுச்சுன்னா மூளையிலேந்து கரண்டு கெளம்பும், காலுக்கு வந்து சேராது. கோட்டிங் திரும்ப வளரும், ஆனா மெதுவாத்தான் வளரும். "பெரும்பாலும் நல்லாயிடும் ஐயா. நடுவுல கொஞ்சம் கஷ்டமா இருக்கும்"ன்னாங்க. அந்தக் கொஞ்சம்ங்கற வார்த்தையை அவங்க எவ்வளவு பாத்துப் பக்குவமா சொன்னாங்கன்னு எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது.

டெஸ்டுங்களைப் பத்திக் கேப்பீங்க. முதுகெலும்புக்கு நடுவுல ஊசியை விட்டு அங்க ஊறுற தண்ணியைக் கொஞ்சம் எடுப்பாங்க. எறா மாதிரி சுருண்டு படுத்துக்கணும், ஆடக்கூடாது. கேக்கறதுக்குத்தான் பயம், வலி ஒண்ணும் பிரமாதம் இல்ல. அப்புறம் நரம்புல சின்னச் சின்னதா ஷாக்கு வெச்சுப் பாப்பாங்க. நான் எத்தினி வருஷமா ஈர மண்ணுல நின்னுக்கினு ஒயரைத் தொட்டவன், ஷாக்குக்கா பயப்படுவேன்? ஷாக்கு வெச்சும் காலு அசையாம கெடந்துச்சே, அப்பதான் பயந்தேன். செலவைப் பத்தி எழுதப்போறதில்ல. அது எல்லா வூட்டுலயும் ஒரே கதைதான்.

அடுத்தது மூச்சு. டாக்டரம்மா காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை வந்து, "ஒரே மூச்சுல ஒண்ணு ரெண்டு எண்ணுங்க"ன்னுவாங்க. மொத நாள் ஜம்முன்னு எண்ணினேன். மறுநாள் பாதியில நின்னுச்சு. அதுக்கு மறுநாள் அஞ்சைத் தாண்டல. ஒடனே ஓடிவந்து வாய்க்குள்ள கொழா விட்டு மூச்சு மிஷின்ல போட்டுட்டாங்க. சில நாள் கழிச்சு வாய்க் கொழாயை எடுத்துட்டுத் தொண்டையில சின்னதா ஓட்டை போட்டு அது வழியா மூச்சு. பேச முடியாது. கையி, காலு, ஒதடு எதுவும் அசையாது. கண்ணு இமைகூட மூடாது. தூங்கறப்ப நர்ஸ் சிஸ்டர்தான் மருந்து போட்டு, இமையை மூடிப் பிளாஸ்திரி ஒட்டுவாங்க. ஆனா மூளை ஃபுல்லா வேலை செய்யும். எல்லாம் கேக்கும், எல்லாம் வலிக்கும். கண்ணு முழி மட்டும் ஆடும். உள்ள ஒரு மனுஷன் உக்காந்து லபோதிபோன்னு கத்திக்கினு இருக்கான், வெளிய ஒருத்தனுக்கும் கேக்கலன்னா எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்துச்சு.

அந்த ஆஸ்பத்திரியில ஒரு சட்டம் உண்டு. ஆம்பளைங்க பக்கம் கூட இருந்து பாத்துக்கறதுக்கு ஆம்பளதான் இருக்கணும். பாக்கற நேரம் முடிஞ்சா பொம்பளைங்க கெளம்பிடணும். தொடைக்க, பொரட்ட, மாத்த எல்லாத்துக்கும் கூப்பிட்டா ஓடியாற மாதிரி ஒரு ஆம்பள வெளிய வராண்டாவுலயே கெடக்கணும். எங்க மாமா தங்கமான மனுசன். ஆனா தொண்டையில சளி உறியற மிஷின் கொர்ருன்னு சத்தம் போட்டாலே அவருக்குக் கொமட்டிக்கினு வரும். ரெண்டு நாள் பல்லைக் கடிச்சுக்கினு இருந்தாரு. மூணாம் நாள் வாந்தி எடுத்துட்டு, அவரே ஒரு நோயாளி மாதிரி செவத்தோரம் சாஞ்சுட்டாரு. அவரை ஒரு வார்த்தை குத்தம் சொல்ல மாட்டேன்.

அக்கா அன்னிக்கிக் காலையில எங்கிட்ட வந்து, "ஆம்பள ஒருத்தன் வேணும்டா. நான் போய் இட்டுக்கினு வர்றேன்"ன்னு சொல்லிட்டுப் போச்சு. யாரைன்னு சொல்லல. எனக்குக் கேக்க வாயில்ல.

மறுநாள் ஒருத்தன் வந்து என் காலடியில நின்னான். தலை பாதி நரைச்சு, கன்னம் ஒட்டிப்போய், கையில ஒரு மஞ்சப்பை. ஏழுமலை.

இனிமே எழுதப்போறதைத்தான் நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. தொண்ணூத்தி மூணுல திண்டிவனத்துல ஒரு முதலாளிகிட்ட நானும் ஏழுமலையும் மைக் செட்டு வேலை செஞ்சோம். அவன் கண்டமங்கலத்துக்காரன். ரெண்டு பேரும் ஒரே ரூம்புல இருந்தோம். ஒருத்தர் மேல ஒருத்தர் ஆசையா இருந்தோம். புருஷன் பொஞ்சாதிக்கு நடுவுல என்ன ஆசை இருக்குமோ அதேதான். போதுமா? இதை எழுதறதுக்கு இந்த ஆயுசு வேண்டியிருந்துச்சு எனக்கு.

அப்ப எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மேடையில மைக் பக்கத்துல அவன் நிப்பான், ஆம்ப்ளிஃபையர்கிட்ட நான். மைக் ஓடும்போது வாயைத் தொறந்து ஒண்ணும் சொல்ல முடியாது. கையைக் காட்டினா பெரிய மனுஷங்களுக்குக் கோவம் வரும், "இன்னாடா மேடையில ஆட்டிக்கினு நிக்கிற"ன்னுவாங்க. அதனால எல்லாம் கண்ணுலதான். முழியை மேல தூக்கினா சவுண்டை ஏத்து. கீழ போனா எறக்கு. இடது பக்கம் ஓட்டினா ஏதோ கோளாறு, கீன்னு கத்தப்போவுது, ஜல்தி பாரு. ஒரு கூட்டத்துல ஆயிரம் பேரு உக்காந்திருப்பாங்க. அவங்க தலைக்கு மேல நாங்க ரெண்டு பேரு பேசிக்கினே இருப்போம். அவ்வளவு சந்தோஷமா நான் அதுக்கப்புறம் இருந்ததில்ல.

தொண்ணூத்தி அஞ்சுல அவனோட அப்பா வந்து பொண்ணு பாத்தாச்சுன்னாரு. அம்மா படுத்த படுக்கை, கண்ணை மூடறதுக்குள்ள பாக்கணும்னாங்க. அவனுக்கும் மாட்டேன்னு சொல்லத் தெரியல, எனக்கும் போவாதன்னு சொல்லத் தெரியல. அந்தக் கல்யாணத்துக்கு மைக் செட்டு யாருன்னு நெனைக்கிறீங்க? நான்தான். தாலி கட்டற நேரம் மணமேடையிலேந்து என்னையே பாத்தான். முழியை மேல தூக்கினான். ஏத்தினேன். இன்னும்னான். இன்னும் ஏத்தினேன். அவன் தேம்பினது யாருக்கும் கேக்காத அளவுக்குக் கெட்டிமேளத்தை வெச்சேன். ஒயரைச் சுத்திக்கினு சாப்புடாமகூட வந்துட்டேன். அன்னியிலேந்து பதினேழு வருஷம் அவன் மூஞ்சியைப் பாக்கல.

அப்பேர்ப்பட்டவன் இப்ப காலடியில நிக்கறான். எனக்கு வந்த கோவத்துக்கு எழுந்து ஒரு அறை வெச்சிருப்பேன், உடம்புதான் கேக்கல. அக்கா பின்னாடியே நின்னுக்கினு இருந்துச்சு. சிஸ்டர் வழக்கம்போல, "நீங்க பேஷண்டுக்கு என்ன வேணும்?"ன்னு அவனைக் கேட்டாங்க. அவன் முழிச்சான். அக்காதான் பட்டுன்னு, "எங்க வூட்டு ஆளுதான் சிஸ்டர். இவன் இருப்பான்"னுச்சு. அப்புறமா கேள்விப்பட்டேன். அக்கா பஸ் மாறி மாறிக் கண்டமங்கலம் போய், விசாரிச்சு, அவன் வாசல்ல நின்னு, "என் தம்பி சாவக் கெடக்கறான். நீ வர்றியா, நான் போவட்டுமா?"ன்னுதாம். அந்தக் காலத்துல எங்க ரூம்புக்கு மல்லாட்டை மூட்டையோட வரும்போதெல்லாம் அது பாத்தது ஒரே பாய், ஒரே தலையணை. ஒரு நாளும் வாயைத் தொறக்கல. எழுத்து வாசனை தெரியாத எங்க அக்காவுக்கு இருந்த மனசை நெனச்சா இப்பவும் கும்புடத் தோணுது.

ஏழுமலை அன்னிக்கே வேலையில எறங்கினான். மொதல்ல ஒரு கூத்து நடந்துச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி தளும்பிக்கினு நின்னுச்சு, அது வழியக்கூடாதுன்னு முழியை மேல தூக்கினேன். இவன் பாத்தான். பழைய புத்தி, ஏத்துன்னு சொல்றேன்னு நெனச்சுட்டான். கட்டிலு கைப்புடியைப் புடிச்சு மடமடன்னு சுத்தினான். தலைமாடு எழும்புது, எழும்புது, சலூன்காரன் நாற்காலியில உக்காந்தவன் மாதிரி ஆயிட்டேன். எனக்கு மெரண்டு போய் முழி இன்னும் மேல போச்சு. இவன் இன்னும் ஏத்தறான்! சிஸ்டர் ஓடியாந்து, "ஐயோ, கொழா இழுக்குதுண்ணா, என்ன பண்றீங்க?"ன்னு போட்ட சத்தத்துல வார்டே திரும்பிச்சு. "அவன்தாம்மா ஏத்தச் சொன்னான்"ன்னான் இவன், ஒண்ணும் தெரியாத புள்ள மாதிரி. உள்ளுக்குள்ள நான் சிரிச்ச சிரிப்பு இருக்கே! நோவு வந்து மொத சிரிப்பு அது. வெளிய ஒதடுகூட அசையல.

சிஸ்டருக்கு அது ஒரு வழியைக் காட்டுச்சு. "அவரு கண்ணை நீங்க படிப்பீங்களா?"ன்னு கேட்டாங்க. அன்னியிலேந்து மேல பாத்தா ஆமா, கீழ பாத்தா இல்ல, இடது பக்கம்னா தொண்டையில சளி. கொர்ருன்னு அடைச்சுக்கறதுக்கு முன்னாடியே இவன் சிஸ்டரைக் கூப்பிட்டுடுவான். முதுகு அரிச்சா ஒவ்வொரு எடமா தொட்டுத் தொட்டு, "இங்கியா? இங்கியா?"ன்னு கேப்பான். சரியான எடம் வந்ததும் நான் முழியை ஏத்துவேன் பாருங்க, அந்தச் சொகத்துக்கு ஈடே இல்ல. எத்தினி நாளா உள்ளயே கத்திக்கினு கெடந்தவனுக்கு ஒருத்தன் காது குடுத்துட்டான். கோவத்தை எங்க வெச்சேன்னு தேடினேன், காணோம்.

அவன் செஞ்சதையெல்லாம் எழுதினா ஒரு பொஸ்தகம் ஆவும். மூக்குக் கொழா வழியா ஊத்தறதுக்குக் கேப்பைக் கஞ்சியைத் துணியில வடிகட்டி, ஒரு திப்பி இல்லாம கொண்டாருவான். ஊத்தறதுக்கு முன்னாடி ஒரு சொட்டைத் தன் நாக்குல வெச்சு, "உப்பு கம்மிடா"ன்னுவான். நாக்கு படாம நேரா வயித்துக்குப் போற கஞ்சிக்கு உப்பு எதுக்கு? சிஸ்டர் கேட்டா, "வயித்துக்கு ருசி தெரியாதா?"ன்னுவான். படுக்கைப் புண்ணு வராம பொரட்டிப் போட சிஸ்டர் சொல்லித் தந்ததை அப்படியே செய்வான். மூத்திரம், பீ எல்லாம் தொடைச்சு, பவுடர் போட்டு, தலை சீவி, "வாடா மாப்ள, இன்னிக்கி எந்த ஊரு பொண்ணு பாக்கப் போவணும்?"னு கிண்டல் வேற. ஒரு நாளும் மூஞ்சியைச் சுளிச்சு நான் பாத்ததில்ல. அப்படி ஒரு பொறுமையை நான் கோயில்லகூடப் பாக்கல.

இதெல்லாம் எங்க கத்துக்கினான்னு அவனே ஒரு நாள் சொன்னான். அவன் பொஞ்சாதி செல்விக்குக் கிட்னி கெட்டுப்போய் ரெண்டு வருஷம் படுக்கை. இவன்தான் பாத்துக்கினான். நான் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு மூணு வருஷம் முன்னாடி அது போய்ச் சேந்துடுச்சு. கட்டிக் குடுத்த பொண்ணு ஒண்ணு இருக்கு. "செல்வி நல்ல பொம்பளடா. நான் அவளுக்கு ஒரு கொறையும் வைக்கல. கடைசியில ஒரு நாள் கேட்டா, 'உனக்கு முன்ன யாரையாவது புடிச்சிருந்துச்சா?'ன்னு. சாவப்போறவகிட்ட என்னா பொய்யி. மைக் செட்டுக்காரன்னேன். 'நம்ம கல்யாணத்துல காது கிழியறாப்பல சவுண்டு வெச்சுக்கினு நின்னானே, அந்தாளா?'ன்னா. ஆமான்னேன். சிரிச்சாடா." அதைச் சொல்லிட்டு அவன் அழுதான். எனக்கு அந்தப் பொம்பள மேல கொஞ்சம் பொறாமை இருந்துச்சு, மறைக்க மாட்டேன். அன்னியோட அது போச்சு.

கோட்டிங் வளர ஆரம்பிச்சுது. டாக்டரம்மா மூச்சு மிஷினைக் கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சாங்க. இமை மூடுச்சு. ஒதடு அசைஞ்சுது. மிஷினே வேணாம்னு ஆனப்புறம் பொது வார்டுக்கு மாத்தினாங்க. பக்கத்து கட்டில்ல மரக்காணம் கடக்கரைப் பெரியவர் ஒருத்தர், சர்க்கரை நோவுல காலு புண்ணு. கடல்ல பேசிப் பேசிப் பழகின தொண்டை, கொட்டாவி விட்டாலே வார்டு அதிரும். தொண்டை ஓட்டையை விரலால மூடிக்கினா எனக்குக் கொஞ்சம் காத்தா பேச்சு வந்துச்சு. ஏழுமலைதான் மூடுவான். மொத வார்த்தை என்ன பேசினேன் தெரியுமா? "எப்ப ஊருக்குப் போவ?"

அவன் விரலை எடுத்துக்கினான். "நீ மொதல்ல எழுந்திரு"ன்னான்.

அங்க ஆரம்பிச்சுது எனக்கு பேஜாரு. இவன் இருக்கறது எனக்கு நோவு இருக்கறதால. நோவு போச்சுன்னா இவனும் போயிடுவான். ஒரு நாள் ஜன்னலோரம் நின்னு பொண்ணுகிட்ட போன்ல, "இவனுக்குக் கை கால் வந்துட்டா வந்துடறேம்மா"ன்னு சொன்னது என் காதுல தெளிவா விழுந்துச்சு. மறுபடியும் ஒயரைச் சுத்திக்கினு தனியா வூட்டுக்குப் போவணுமா? அந்த ரூம்புல ஒத்தை டம்ளர் கழுவி வெச்சுக்கினு, பண்டிகைக்குப் பூட்டின கடை மாதிரி படுத்துக் கெடக்கணுமா? செத்திருந்தாகூடத் தேவலன்னு தோணுச்சு.

அப்பதான் பாருங்க, மறுநாள் காலையில என் வலது கட்டை விரல் அசைஞ்சுது. போர்வைக்குள்ள. நான் திரும்ப அசைச்சேன், அசைஞ்சுது. தன் கை வந்துடுச்சேன்னு துக்கப்பட்ட மனுஷன் ஒருத்தன் உலகத்துல இருந்தா அது நானாத்தான் இருக்கும். யாருகிட்டயும் சொல்லல. நாளாவ ஆவ கை முழுக்க தெம்பு வருது. எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பினா போர்வைக்குள்ள விரலை மடக்கி நீட்டிப் பாப்பேன். பயிற்சி குடுக்க வர்ற தம்பி, "தூக்குங்க ஐயா, முயற்சி பண்ணுங்க"ன்னு கெஞ்சுவாரு. பொணம் மாதிரி போட்டு வெப்பேன். காலு ரெண்டும் நல்லா வருது, அதை மறைக்கத் தெரியல. கையை மட்டும் புடிச்சுக்கினேன். கை வரலன்னா சோறு ஊட்ட ஆளு வேணும் இல்லையா?

ஊட்டுவான். ஒவ்வொரு வாய்க்கும் நடுவுல அந்தச் செத்த கையை எடுத்துத் தன் மடியில வெச்சுத் தேச்சு விடுவான். எண்ணெய் போட்டு ஒவ்வொரு விரலா நீவி விட்டு, "வாடா, வந்துடுடா"ன்னு விரலுகிட்ட பேசுவான். எனக்குக் குத்தமா இருக்கும். சொகமாவும் இருக்கும். என்னத்த சொல்ல.

டாக்டரம்மா பாவம், தலையைப் பிச்சுக்கினாங்க. ஒரு நாள் மத்தியானம் ஏழுமலையை வராண்டாவுக்குக் கூப்பிட்டுப் பேசினது ஜன்னல் வழியா கேட்டுச்சு. "காலு இவ்வளவு நல்லா வந்தவருக்குக் கை வராம இருக்கறது எனக்கே கவலையா இருக்கு. நரம்பு டெஸ்ட் திரும்ப எடுத்துப் பாக்கலாம். ஆனா கை இப்படியே நின்னுடவும் வாய்ப்பு இருக்கு. வூட்டுல யாரு பாத்துக்குவாங்கன்னு இப்பவே யோசிச்சு வெச்சுக்குங்க." இவன் உள்ள வந்தான். மூஞ்சி சாம்பலா இருந்துச்சு. என்னைப் பாக்கல. கட்டிலுக்கு அடியில இருந்த மஞ்சப்பையை எடுத்துக்கினான். "தோ வர்றேன்"னு சொல்லிட்டு விறுவிறுன்னு போயிட்டான்.

பையோட போனவன் எதுக்கு வர்றான்? ஆயுசு முழுக்க ஒரு முடவனுக்குச் சோறு ஊட்டறதுக்கு அவனுக்கு என்ன தலையெழுத்து? அவனை இருக்க வைக்கறேன்னு நெனச்சு நானே தொரத்திட்டேன். எழுந்து ஓடணும்போல இருந்துச்சு. எப்படி ஓடறது, வாயைத் தொறந்து கூப்பிடணும்னாகூடத் தொண்டை ஓட்டையை மூட அவன் விரலு வேணும். என் விரலாலயே மூடியிருக்கலாம், மூடலாம்னே தோணல. அவ்வளவு தூரம் என் பொய்யை நானே நம்பிட்டேன். பாக்கற நேரத்துக்கு அக்கா வந்து, "எங்கடா அவன்?"னு கேட்டுச்சு. முழியைக் கீழ போட்டேன்.

வெயில் சாயறப்ப வந்தான். தலை ஈரம், வேற வேட்டி, நெத்தி நெறைய திருநீறு. அந்தப் பையில துண்டும் மாத்து வேட்டியும்தான் எடுத்துக்கினு போயிருக்கான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தான். என் நெத்தியில திருநீறு வெச்சான்.

"திருவாமாத்தூர் கோயிலுக்குப் போயிருந்தேன்டா"ன்னான். "வட்டப்பாறை தெரியுமில்ல? அங்க நின்னு பொய்ச் சத்தியம் பண்ணவன் தப்பிச்சதில்லன்னுவாங்க. முங்கிட்டுப் போயி அங்கதான் நின்னேன்."

அக்கா கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கினு இருந்துச்சு. அது இருக்கேன்னுகூட இவன் பாக்கல.

"டாக்டரம்மா சொல்றாங்க, உனக்குக் கை வராதாம். வராட்டிப் போவுது. ஊருல அறுப்புக்கு வந்துடறேன்னு பொண்ணுகிட்ட சொல்லியிருந்தேன், அதையும் மருமவனே பாத்துக்கட்டும். அந்தப் பாறை மேல கைய வெச்சு சொல்லிட்டேன்டா. கை வந்தாலும் சரி, வராங்காட்டியும் சரி, இவனை வுட்டு இனிமே போவ மாட்டேன்னு. அன்னிக்கி எங்கப்பனுக்குச் சொல்லத் தெரியாததைச் சாமிகிட்ட சொல்லிட்டு வந்துட்டேன். நீ என்னா சொல்ற?"

தொண்டை ஓட்டையை மூட விரலை நீட்டினான். நான் பேசறதுக்குத்தான்.

போர்வைக்குள்ளேந்து கையை எடுத்தேன். எடுத்து, நீட்டின அவன் கையைப் புடிச்சேன். இன்னும் வெளிச்சம் போவல, வார்டு முழுக்க ஜனம், அக்கா எதிர்லயே. திண்டிவனத்துல ரெண்டு வருஷம் ஒண்ணா இருந்தும் நாலு பேரு பாக்க நான் அவனைத் தொட்டதில்ல. இறுக்கிப் புடிச்சேன்.

மரக்காணத்துப் பெரியவர்தான் மொதல்ல பாத்தாரு. "யம்மாடி! கையி வந்துடுச்சு! அந்தாளுக்குக் கையி வந்துடுச்சுடோய்!"னு போட்டாரு பாருங்க ஒரு சத்தம், என் கொழாயெல்லாம் பிச்சை வாங்கணும். குளுக்கோஸ் கம்பியோட எழுந்தவன், கட்டுப் போட்ட காலோட நொண்டினவன்னு எல்லாரும் என் கட்டிலைச் சுத்திக்கினாங்க. யாரோ கை தட்டினாங்க. யாரோ, "சாமி இருக்குதுப்பா"ன்னு கன்னத்துல போட்டுக்கினாங்க. அக்கா முந்தானையை வாயில வெச்சுக்கினு குலுங்குது, சிரிக்குதா அழுவுதான்னு தெரியல. நாங்க கை கோத்துக்கினு இருக்கறதைப் பாத்து ஒரு வார்டே சந்தோஷப்பட்டுச்சுன்னா நம்புவீங்களா?

ஏழுமலை மட்டும் சந்தோஷப்படல. என் புடியைப் பாத்தான், விரலைப் பாத்தான், அப்பால என் மூஞ்சியைப் பாத்தான். செத்துக் கெடந்த கையி ஒரே நாள்ல இப்படி இறுக்காதுன்னு அவனுக்குத் தெரியாதா? ஒவ்வொரு விரலா நீவினவனாச்சே. காதுகிட்ட குனிஞ்சு, "எத்தினி நாளாடா, படுபாவி?"ன்னான். இன்னொரு கையால என் தொண்டையை மூடினான். "நல்லாயிட்டா நீ போயிடுவியே"ன்னேன். அவன் கண்ணுலேந்து பொலபொலன்னு கொட்டுச்சு. "சாவடிச்சுட்டியேடா என்னை"ன்னு அந்தக் கூட்டத்துக்கு நடுவுலயே என் தோள்ல ஓங்கி ஒரு அடி வெச்சான்.

சிஸ்டர் ஓடியாந்தாங்க. பின்னாடியே டாக்டரம்மா, கையில ரப்பர் சுத்தியலோட, மூச்சு வாங்க. "ஐயா, கொஞ்சம் கையை வுடுங்க. எவ்வளவு பலம் வந்திருக்குன்னு நான் பாக்கணும்"ன்னாங்க. ரெண்டு பேருல யாரைச் சொன்னாங்கன்னு தெரியல. ரெண்டு பேருமே வுடல.